சென்னையில் துப்பாக்கி வாங்குவது: பழையதா, புதியதா? முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

ஆயுத உரிமம் கைக்கு வந்துவிட்டது, அல்லது சில வாரங்களில் வந்துவிடும். அடுத்த குழப்பம் புதிதாக வாங்குவதா, இன்னொருவர் வைத்திருந்ததை வாங்குவதா என்பது. விலையை மட்டும் பார்த்து இறங்குபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய துப்பாக்கியில் இரும்பைச் சோதிக்க ஒரு மணி நேரம் போதும். காகிதம்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.

உரிமம் இன்னும் வராதவர்கள் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். "பொருளை எடுத்துக்கிட்டுப் போங்க, லைசென்ஸ் அப்புறம் பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

1. உரிமத்தை வரி வரியாகப் படியுங்கள்

கடைக்குப் போகும் முன் உரிமத்தில் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆயுத வகை: எஸ்பிபிஎல் என்று இருந்தால் ஒற்றைக் குழல், டிபிபிஎல் என்றால் இரட்டைக் குழல். ஒற்றைக் குழலுக்கு வாங்கிய உரிமத்தில், மலிவாகக் கிடைக்கிறதே என்று இரட்டைக் குழலை எடுக்க முடியாது. முதலில் உரிமத்தைத் திருத்தி வாங்க வேண்டும்.

போர் (குழலின் உள்விட்ட அளவு): .38, .45, .455, .303, 9 மி.மீ. ஆகியவை தடைசெய்யப்பட்ட போர்கள். சாதாரண உரிமத்தில் இவற்றை வாங்க முடியாது. தாத்தா காலத்து .455 வெப்லி ரிவால்வரை யாராவது ஆசை காட்டினால் வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

செல்லுபடியாகும் எல்லை: தமிழ்நாடு மட்டுமா, இந்தியா முழுவதுமா என்று பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்றால் பெங்களூரிலோ கான்பூரிலோ வாங்கிக் கையில் எடுத்துவர முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

வாங்கக் கொடுத்திருக்கும் கெடு: இந்தத் தேதிதான் பழைய துப்பாக்கி உங்களுக்கு ஒத்துவருமா என்பதையே தீர்மானிக்கும். தனிநபரிடம் வாங்கினால் சட்டப்படியான காத்திருப்பு மட்டுமே 45 நாள். கெடுவுக்கு மூன்று மாதத்துக்கும் குறைவாக இருந்தால், ஒன்று நீட்டிப்புக்கு எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் கடையிலேயே வாங்கிவிடுங்கள்.

எண்ணிக்கை: ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். 2019க்கு முன் மூன்று இருந்தது. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும்.

2. எதைப் பழையதாக வாங்கலாம்

12 போர் இரட்டைக் குழல் என்றால் எங்கள் ஓட்டு பழையதுக்கே. அதன் பொறிமுறை எளிது. நம்மூரில் வீட்டுப் பாதுகாப்புக்கென்று வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தவைதான் அதிகம். சுட்ட தோட்டாக்கள் சொற்பமாக இருக்கும். இங்கிலாந்து, பெல்ஜியம் தயாரிப்புகளும் மேற்கு வங்க இஷாப்பூர் தொழிற்சாலைத் துப்பாக்கிகளும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. புதிதே வேண்டும் என்பவர்களுக்கு நம் திருச்சி தொழிற்சாலையின் 12 போர் பம்ப் ஆக்‌ஷன் (முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) இருக்கிறது. உங்கள் உரிமத்தின் வாசகம் அதற்குப் பொருந்துமா என்று மட்டும் உரிமப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

.32 ரிவால்வரும் பிஸ்டலும் வேறு கதை. தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்யும் வாசல் 1980களிலேயே மூடப்பட்டுவிட்டது. அதனால் பழைய வெப்லி, கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் போன்ற வெளிநாட்டு மாடல்கள் எல்லாம் பெயருக்காகவே விலை போகின்றன. உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது அந்த விலையில் தெரியாது. உள்நாட்டில் 2014இல் வந்த நிர்பீக் ரிவால்வர் அப்போதே 1,22,360 ரூபாய். 2023இல், தோட்டா போடும் உருளை பக்கவாட்டில் திறக்கும் பிரபல் ரிவால்வர் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டலுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். தனிநபர் விற்கும்போது அந்த வரி கிடையாது, அந்த வகையில் பழையது கவர்ச்சிதான். ஆனாலும் உயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரே ஒரு கைத்துப்பாக்கி வாங்குபவருக்கு, முதல் முறை என்றால், புதியதையே சொல்வோம். ரிவால்வரின் தேய்மானத்தைப் புதியவர் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம்.

.315 ரைஃபிள்: புதிதும் பழையதும் இஷாப்பூர்தான். வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துவிட்ட ஊரில் இதை எதற்கு வாங்குகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள்.

சுடுதல் விளையாட்டுக்காகத்தான் என்றால் இவ்வளவு தூரமே வர வேண்டாம். போர் .177க்கு மிகாத, ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டித் தரத்து ஏர் ரைஃபிளைப் பழையதாக வாங்குவது நல்ல பேரமும்கூட. காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃபைன்வெர்க்பாவ், ஸ்டேயர், வால்தர் போன்ற நிறுவனங்களின் சிலிண்டர்களுக்கு ஆயுள் பொதுவாக 10 ஆண்டு. காலாவதியானால் போட்டிக்கு எடுத்துச்செல்ல முடியாது, புது சிலிண்டருக்குத் தனியாகச் செலவாகும்.

3. தோட்டா கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்

துப்பாக்கியைப் பார்க்கும் முன்பே, உங்களுக்குத் தோட்டா விற்கப்போகும் கடையில் அந்தப் போரைச் சொல்லி, "இப்போது ஒரு பெட்டி இருக்கிறதா, பில்லோடு தருவீர்களா?" என்று கேளுங்கள். "வந்தால் சொல்கிறேன்" என்ற பதில் வந்தால் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

12 போர், .32, .315, .22 எல்லாம் உள்நாட்டுத் தயாரிப்பு. 16 போர் இரட்டைக் குழல் அழகாக இருக்கும், விலையும் பாதிதான் சொல்வார்கள்; தோட்டாவுக்கு அலைய வேண்டியிருக்கும். .25 பிஸ்டலும் அதே ரகம். மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே அதுதான்.

.32 என்ற எண்ணிலேயே ஒரு பொறி இருக்கிறது. ரிவால்வருக்குப் போடும் .32 லாங் தோட்டா 7.65×23 மி.மீ. பிஸ்டலுக்குப் போடும் .32 ஏசிபி தோட்டா 7.65×17 மி.மீ. ஒன்றுக்கு மற்றொன்று கூடாது. பழைய ரிவால்வர்கள் சிலவற்றில் உருளை இன்னும் குட்டையான .32 ஷார்ட்டுக்காகச் செய்யப்பட்டிருக்கும். குழலின் பக்கவாட்டில் என்ன பொறித்திருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் பேரமே.

4. விற்பவர் யார்?

மூன்று வகை உண்டு.

உரிமம் பெற்ற டீலர்: விலை சற்றுக் கூடும், தலைவலி குறையும். துப்பாக்கி ஏற்கெனவே அவர் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்தால் 45 நாள் காத்திருப்பு உங்களுக்கு இல்லை. "கடைக்கு எப்போது, யாரிடமிருந்து வந்தது?" என்று பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அடமானம்போல ஒப்படைப்பில் வைத்திருப்பதை விற்பனைச் சரக்காகக் காட்டுபவர்களும் உண்டு.

உயிரோடு இருக்கும் உரிமதாரர்: இவரிடம் பார்க்க வேண்டியது அவர் உரிமம் இன்று செல்லுமா என்பது. உரிமம் இப்போது 5 ஆண்டுக்கு. புதுப்பிக்க மறந்து, கெடு தாண்டி, அதைச் சொல்லாமல் விற்கப் பார்ப்பவர்கள் நிறைய. அவர் புதுப்பித்து முடிக்கும்வரை நீங்கள் பணம் எடுக்க வேண்டாம்.

வாரிசுகள்: சென்னையில் நல்ல 12 போர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வெளியே வருகின்றன, சிக்கல்களும் இந்த வழியில்தான். அப்பா இறந்துவிட்டார், துப்பாக்கி பீரோவில் இருக்கிறது, மகனுக்கு உரிமம் இல்லை. அந்த மகன் அதை உங்களுக்கு நேராக விற்க முடியாது. ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி அது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்கப்பட வேண்டும். அங்கிருந்துதான் உங்களுக்கு வர முடியும். ஒப்படைப்பு ரசீது, இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றிதழ், அதில் பெயருள்ள மற்ற எல்லோரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகிய நான்கும் இல்லாமல் பேச்சைத் தொடராதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் அக்காவின் கையெழுத்துதான் எப்போதும் கடைசியில் வந்து நிற்கும். டீலரிடம் ஒப்படைத்து ஆண்டுகள் ஆகியிருந்தால் காப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போயிருக்கும். அதை யார் கட்டுவது என்பதை விலை பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள். ஒப்படைத்ததை உரிய காலத்தில் எடுக்காவிட்டால் அரசுடைமை ஆகிவிடும் என்பதால் ரசீதின் தேதியையும் பாருங்கள்.

5. காகிதமும் 45 நாளும்

தனிநபர் விற்பனைக்கு ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. விற்பவர் தன் நோக்கத்தை எழுத்து மூலம் உரிம அதிகாரிக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ தெரிவிக்க வேண்டும். அதன்பின் 45 நாள் கழிய வேண்டும். கடிதத்தில் வாங்குபவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். எனவே பாதியில் ஆள் மாறினால் புதுக் கடிதம் கொடுத்து, புதிதாக 45 நாள் எண்ண வேண்டும். முத்திரையும் தேதியும் இட்ட ஒப்புகை நகல் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ணிக்கையை நம்புங்கள். "ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன்" என்பது கணக்கில் வராது.

எல்லைக் குழப்பம் சென்னையில் அதிகம். மாநகர எல்லைக்குள் உரிம அதிகாரி வேப்பேரியில் இருக்கும் போலீஸ் கமிஷனர். 2022 முதல் ஆவடியும் தாம்பரமும் தனித்தனிக் கமிஷனரேட்டுகள். நீங்கள் கிண்டியில், விற்பவர் குரோம்பேட்டையில் என்றால் இரண்டு வேறு அலுவலகங்கள். அம்பத்தூர்க்காரர் என்றால் ஆவடி. இன்னும் வெளியே போனால் மாவட்ட ஆட்சியர். அலுவலகங்கள் வேறாக இருக்கும்போது, விற்பவரின் அலுவலகத்திலிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். இந்தத் தபால் போக்குவரத்துக்கே ஒரு மாதம் ஒதுக்கிவிடுங்கள்.

விற்பவரிடம் நகல் வாங்க வேண்டியவை: உரிமத்தின் எல்லாப் பக்கங்களும் (புதுப்பித்த பக்கம், ஆயுத விவரப் பக்கம் இரண்டும் கட்டாயம்), தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் அவருக்குள்ள யூஐஎன் எண், அவர் வாங்கியபோது கிடைத்த பில் அல்லது மாற்றக் கடிதம், அடையாள அட்டை. உங்கள் பக்கம்: உரிமம், யூஐஎன், ஆதார், புகைப்படங்கள், வாங்க அனுமதி கேட்கும் மனு.

எண்களை ஒப்பிடுவதில்தான் பலர் அசந்துவிடுகிறார்கள். துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணை உரிமத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக, இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபாருங்கள். கையால் எழுதிய பழைய உரிமங்களில் 1க்கும் 7க்கும், 3க்கும் 8க்கும் குழப்பம் சகஜம். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் விற்பவர்தான் தன் அலுவலகத்தில் திருத்தி வாங்க வேண்டும். உங்கள் பெயருக்கு மாறிய பிறகு அந்தப் பிழைக்கு விளக்கம் சொல்லப்போவது நீங்கள். எண்ணோ தயாரிப்பாளர் பெயரோ தேய்க்கப்பட்டிருந்தால், அழிந்திருந்தால், அது எவ்வளவு நல்ல துப்பாக்கியானாலும் வேண்டாம். அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்பதே 8ஆம் பிரிவின்படி குற்றம்.

காலம் பார்த்து இறங்குங்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். மாற்ற வேலைகள் தேங்கிவிடும்.

6. 12 போரைச் சோதிப்பது

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் வையுங்கள். முதல் வேலை, திறந்து இரு அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வது. விற்பவர் "காலிதான்" என்று சொன்னாலும் செய்யுங்கள்.

ஆட்டம்: முன்கைக் கட்டையைக் கழற்றிவிட்டு, பின்கட்டையை இடுப்பில் அணைத்துக் குழலை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசையுங்கள். டக் டக் என்று அசைந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. மூடிய நிலையில் குழலின் பின்முகத்துக்கும் உடலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. மெல்லிய தாள் நுழையக்கூடாது. மேலே உள்ள திறப்பு நெம்புகோல் மூடிய பிறகு நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நின்றால் ஆயுள் பாக்கி இருக்கிறது. நடுவைத் தாண்டி இடப்புறம் போயிருந்தால் நிறைய உழைத்துவிட்டது.

குழல்: தனியாகக் கழற்றி ஜன்னலை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். வெளிச்ச வளையங்கள் ஒழுங்கான வட்டமாகத் தெரிய வேண்டும். எங்காவது வளையம் நெளிந்தால் அங்கே நசுங்கல். கருப்பாக ஒரு வளையம் உப்பியிருந்தால் வீக்கம். வீங்கிய குழலைத் தொடவே வேண்டாம். தோட்டா அறைக்கு முன்னால் உள்ள இரண்டு அங்குலத்தில் துருப்புள்ளிகள் அதிகம் இருக்கும். லேசான புள்ளி பரவாயில்லை, குழி விழுந்திருந்தால் குழல் சுவரின் தடிமனைக் கருவி வைத்து அளக்காமல் வாங்கக்கூடாது. பிறகு குழலை அடிக்கொக்கியில் விரலால் தொங்கவிட்டு ஒரு பென்சிலால் தட்டுங்கள். மணி போலக் கணீரென்று கேட்டால் இரு குழல்களையும் இணைக்கும் பற்றவைப்பு உறுதி. கரகரத்தால் பட்டை விட்டிருக்கிறது.

அறை நீளம்: பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பல 65 மி.மீ. தோட்டாவுக்கானவை. இன்றைய தோட்டா 70 மி.மீ. அது உள்ளே போய்விடும், வெடிக்கும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலின் அடிப்பகுதியில் உள்ள சோதனை முத்திரைகளில் நீளம் இருக்கும். புகையில்லா மருந்துக்குச் சோதித்ததற்கான நைட்ரோ முத்திரையையும் தேடுங்கள். ‘நாட் ஃபார் பால்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அதில் ஒற்றைக் குண்டுத் தோட்டா சுடக்கூடாது என்று பொருள். குழல் மேல் மரவரி போலச் சுருள் கோடுகள் ஓடினால் அது டமாஸ்கஸ் குழல். சுவரில் மாட்ட அழகு, இன்றைய தோட்டாவுக்கு ஆகாது.

விசையும் பூட்டும்: ஸ்னாப் கேப் எனப்படும் போலித் தோட்டா போட்டுச் சோதியுங்கள், வெறுமனே விசை இழுத்தால் ஊசி உடையும், சண்டையும் வரும். பாதுகாப்புப் பூட்டைப் போட்டு இரு விசையையும் இழுங்கள். பின் கையை எடுத்துவிட்டுப் பூட்டை மட்டும் விடுவியுங்கள். அப்போது சுத்தி விழுந்தால் ஆபத்தான துப்பாக்கி.

மரம்: கழுத்துப் பகுதியில், உலோகமும் மரமும் சேரும் இடத்தில், முடி போன்ற விரிசலைத் தேடுங்கள். எண்ணெய் ஊறிக் கருத்திருந்தால் மரம் மெத்தென்று ஆகியிருக்கும்.

குழல் எங்காவது வெட்டிக் குறைக்கப்பட்டிருக்கிறதா என்றும் அளந்துகொள்ளுங்கள். நீளம் உரிமத்திலோ பழைய பில்லிலோ உள்ளதைவிடக் குறைவு என்றால் விலகிவிடுங்கள். அனுமதியில்லாமல் குழலைக் குறைப்பது கடுமையான குற்றம்.

7. ரிவால்வர், பிஸ்டல்

ரிவால்வரில் சுத்தியை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தி முழுதாக நிற்பதற்குள் உருளை தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்; ஐந்து சரியாக இருந்து ஆறாவது பிசகுவது வழக்கம். சுத்தியை இழுத்து நிறுத்திக் கட்டை விரலால் முன்னே தள்ளினால் விழக்கூடாது.

உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி) அளவிடுங்கள். புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ வாகன உதிரிபாகக் கடையில் கிடைக்கும். 0.1 முதல் 0.2 மி.மீ. நல்லது. 0.3ஐத் தாண்டினால் வேண்டாம். நடுவில் மடிந்து திறக்கும் பழைய கான்பூர் ரிவால்வரில் கீலும் மேல் கொக்கியும் ஆடுகின்றனவா என்று பாருங்கள், அதன் பலவீனமே அங்கேதான்.

பிஸ்டலில் மேகசின் எனப்படும் தோட்டா அடுக்கும் பெட்டிதான் செலவு வைக்கும். பழைய வெளிநாட்டு மாடல் என்றால் கூடுதல் மேகசின் தேடுவது பெரும்பாடு; இரண்டு மேகசின் இல்லாமல் வாங்காதீர்கள். ஸ்லைடில் (மேலே முன்பின் நகரும் பகுதி) விரிசல், தளர்ந்த ஸ்பிரிங் இரண்டையும் துப்பாக்கி மெக்கானிக் பார்த்தால் போதும்.

கடற்காற்று ஊர் என்பதால் ஒன்று. திருவான்மியூர், பெசன்ட் நகர் வீடுகளிலும், நெடுநாள் ஒப்படைப்பு அறைகளிலும் இருந்த துப்பாக்கிகள் வெளியே பளபளத்து, கைப்பிடிக்கு அடியில் துரு பிடித்திருக்கும். கைப்பிடிப் பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை.

8. கணக்கு

புதியதில் விலை, ஜிஎஸ்டி, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் செலவு இவ்வளவுதான். பழையதில் விலைக்கு மேல் மெக்கானிக் சோதனை, பழுதுபார்ப்பு, ஒப்படைப்புக் கட்டணப் பாக்கி, நகல் மனு அலைச்சல் சேரும். பேசிய விலையில் கால் பங்கை இதற்கென்று ஒதுக்கிவையுங்கள். அப்படிக் கூட்டியும் புதியதைவிட மூன்றில் ஒரு பங்காவது குறையவில்லை என்றால் பழையது வாங்குவதில் லாபமில்லை. இரும்பு பீரோ அல்லது லாக்கர் இரண்டுக்குமே வேண்டும்.

பணம் வங்கி வழியாக மட்டும். முன்பணம் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. "அனுமதி மறுக்கப்பட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும்" என்ற வரி ரசீதில் இருக்கட்டும்.

9. கைமாற்றும் நாள்

அனுமதி வந்து, 45 நாளும் முடிந்த பிறகே துப்பாக்கி கை மாறலாம். விற்பனைக் கடிதத்தில் தயாரிப்பாளர், வகை, போர், எண், இருவர் உரிம எண்களும் யூஐஎன்களும், தொகை, தேதி, நேரம் எழுதி இருவரும் இரு சாட்சிகளும் கையெழுத்திடுங்கள். நேரம் எதற்கு என்று தோன்றும். அன்று மாலை ஏதாவது நடந்துவிட்டால் துப்பாக்கி யாரிடம் இருந்தது என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

விற்பவர் அன்பாக நீட்டும் மீதித் தோட்டாக்களை வாங்காதீர்கள். அவை உங்கள் உரிமக் கணக்கில் இல்லாதவை. பழைய தோட்டா பாதி வெடித்துக் குண்டு குழலில் சிக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. அடுத்த தோட்டா சுட்டால் குழல் வீங்கும். டீலரிடம் உங்கள் உரிமத்தில் பதிந்து புதிதாக வாங்குங்கள்.

துப்பாக்கியை உரிமப் பிரிவில் காட்டி, உங்கள் உரிமத்தில் விவரம் ஏற்றி முத்திரை வாங்குங்கள். தரவுத்தளத்திலும் உங்கள் யூஐஎன்னில் அது ஏறியதா என்று கேளுங்கள். உறையோடு வந்தால் தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், ஈரம் பிடிக்கும். எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் வையுங்கள். விற்பவரின் உரிமத்திலிருந்து அந்தத் துப்பாக்கி நீக்கப்பட்டதாக முத்திரை விழுந்த பக்கத்தின் நகலை அவரிடம் கேட்டு வாங்கி உங்கள் கோப்பில் சேருங்கள். மீதித் தொகையில் கடைசி ஐயாயிரத்தை அந்த நகல் வரும்வரை நிறுத்திவைப்பது என்று முதலிலேயே பேசிக்கொண்டால், நகல் தானாகவே வந்துவிடும்.